வெயிலில் விழுந்த இருவர்

உங்களில் பெரும்பாலோர் கணுக்காலையும் முழங்காலையும் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அதில் தவறில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். திருவனந்தபுரத்து மைதானங்களில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலம் முழுக்க என் கைக்கு வந்ததில் முக்கால்வாசி சுளுக்கு, தசைப்பிடிப்பு, விலகிய தோள், தொடைக்குப் பின்னால் கிழிந்த தசை. இவையெல்லாம் நமக்கு அவகாசம் தருபவை. சுளுக்கிய காலை அன்றைக்கே தைலம் போட்டு உருவிவிட்டு, பூசணிக்காய் மாதிரி வீங்கவைத்துக் கூட்டிவருவார்கள். கோபப்பட்டுவிட்டு, ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னால் மெதுவாக ஆறிவிடும். நாம் செய்கிற சிறு பிழையைக்கூட அந்தக் கால் பொறுத்துக்கொள்ளும்.

பொறுக்காதவை சில உண்டு. கழுத்தில் விழும் அடி, தலையில் விழும் அடி, அப்புறம் வெப்பத் தாக்கு. முதல் இரண்டுக்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள். மூன்றாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெயிலில் ஓடினால் மயக்கம் வரும், முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சகாலம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எதைச் செய்ய வேண்டும் என்பதை நடுநடுவே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வருவதற்கு மட்டும் என்னிடம் விடை கிடையாது.

நகரத்தில் ஒரு கிளப் நீண்ட தூர ஓட்டம் நடத்தியது. மார்ச் மாதம். முதலுதவிக்குப் பொறுப்பாக என்னைக் கேட்டார்கள். ஆள் படுக்கிற அளவில் இரண்டு தொட்டியும், அவற்றை நிரப்ப ஐஸும் வேண்டும் என்றேன். கிளப்பின் செயலாளர் நல்ல மனிதர்தான், டிராவல் ஏஜென்சி நடத்துகிறவர். சிரித்துக்கொண்டே, "சேச்சி, இது ஓட்டமா, மீன் ஏலமா?" என்று மலையாளத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் விடவில்லை. கடைசியில் ஒரு தொட்டிக்கு ஒத்துக்கொண்டார். கடற்கரையில் மீன் வைக்கிற நீலத் தொட்டி வந்தது, ஐஸும் அங்கிருந்துதான். என்ன கழுவியும் மீன் வாடை போகவில்லை.

விடியும்போது தொடங்க வேண்டிய ஓட்டம். கொடியசைக்க வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. ஓட வந்தவர்கள் கிளப் கொடுத்த தடித்த பனியனைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாட்டுப் போட்டார்கள், மைக்கில் பேசினார்கள். தென்னை உச்சிக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நான் செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவருக்கும் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் கொடியசைக்கிறவர் வந்துகொண்டிருக்கிறார், டி.வி.க்காரர்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் எப்படி மாற்றுவது என்றார்.

அப்படியே தொடங்கியது.

முன்னாலேயே ஓடிவந்த ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி என்றார்கள். எங்களோடு இருந்த டாக்டர் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கூடவே போனார். அது சரியான முடிவுதான். அதற்குப் பிறகு மைதானத்தில் மிச்சம் இருந்தது நானும் பிந்து என்ற நர்ஸும்.

அப்போதுதான் அந்தப் பெண் மைதானத்துக்குள் வந்தாள். பெயர் மகேஸ்வரி என்று பிறகு தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் பொன்முடி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருப்பு. முந்தின நாளே பஸ் பிடித்து இறங்கி, தம்பானூரில் ஒரு லாட்ஜில் தனியாகத் தங்கி ஓட வந்தவள். பெண்களில் அவள்தான் முதலில் வந்தாள். முடிவுக் கோட்டைப் பார்க்காமல் இடதுபக்கம் திரும்பி மதில்சுவரைப் பார்த்து ஓடினாள். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வழி தெரியாமல் ஓடுகிறாள் என்று நினைத்தார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். வியர்க்கிறதா என்று பார்க்காதீர்கள். ஓடி விழுகிறவர்களுக்குக் கடைசிவரைக்கும் வியர்க்கும். அவர்கள் பேச்சையும் நடத்தையையும் பாருங்கள். நான் ஓடிப்போய்ப் பிடித்துப் பெயரைக் கேட்டேன். தலையோடு கால் நனைந்திருந்தாள். கண் என்மேல் நிற்கவில்லை.

"விடுங்க சேச்சி, கடைசி பஸ் போயிரும்" என்றாள். என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள்.

பிந்துவும் நானுமாகத் தூக்கித் தொட்டியில் இறக்கினோம். கழுத்துவரை ஐஸ் தண்ணீர். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கொதிக்கிற உடம்பை ஐஸில் போட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றார் இன்னொருவர். வாயில் தண்ணீர் ஊற்ற ஒரு அம்மாள் பாட்டிலோடு வந்தார். நினைவு தப்புகிறவளுக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும் என்று தடுத்தேன். பிறகு யாரோ, இவளோடு வந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை. உரிமை கொண்டாடித் தூக்கிப்போக ஆள் இல்லாததால் கூட்டம் முணுமுணுத்ததே தவிர என்னைத் தடுக்கவில்லை.

மகேஸ்வரி தொட்டிக்குள் திமிறிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் மண்டிபோட்டு அவள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தலை முங்காமல் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் அவள் தண்ணீருக்குள் போய்விடுவாள். அந்த நிலையில்தான் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் விழுவதைப் பார்த்தேன்.

அவன் பெயர் ஹரிஹரன். முப்பதைத் தொடாத வயது, கரமனை அக்ரஹாரத்துப் பையன். ஒரு கம்பெனியில் வேலை, அந்தக் கம்பெனிக் குழுவோடு ஓட வந்தவன். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு பேரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான். அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவர்கள் அப்போது அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போனில் படம் பிடித்திருக்கிறார்கள்.

பிந்து அவனிடம் ஓடினாள். தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு, இருப்பது ஒரே தொட்டி. மகேஸ்வரியைப் பாதியில் வெளியே எடுக்க முடியாது. ஆனால் தொட்டி இல்லாமலும் வழி இருக்கிறது. தண்ணீர் வடியாத பெரிய விரிப்பு ஒன்று இருந்தால் போதும். ஆளை அதில் படுக்கவைத்து, நாலு பக்கமும் நாலு பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் ஐஸும் தண்ணீரும் கொட்டி ஆட்டிக்கொண்டே இருக்கலாம். என் எதிரிலேயே மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது.

அதை அறுத்துக் கொண்டுவாருங்கள் என்று கத்தினேன்.

கிளப்காரர்கள் இரண்டு பேர் ஓடினார்கள். ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார்கள். கொடியசைத்தவரின் முகம் அதில் ஆளுயரத்துக்கு இருந்தது. அவர் இன்னும் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் செயலாளரைத் தேடிப் போனார், கேட்டுவிட்டு அறுக்கலாம் என்று. மற்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அந்த மாதிரி ஒரு முகத்தின் நடுவே கத்தி வைக்க யாருக்குத்தான் கை வரும்? ஆகையால் நீங்கள் இதையெல்லாம் முந்தின நாளே கேட்டு வாங்கி, கைக்கெட்டுகிற இடத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வரும்போது யாரிடமும் அனுமதி கேட்கிற நிலையில் இருக்கக் கூடாது.

அதற்குள் ஹரியின் அண்ணன் வந்துவிட்டார். பெயர் கணேசன். தம்பி ஓடுவதைப் பார்க்க வந்தவர், காரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார். கூட்டத்தை விலக்கி வந்து தம்பியின் தலையை மடியில் வைத்து, "டேய், அண்ணாடா, கண்ணைத் திற" என்று கன்னத்தில் தட்டினார். தமிழ்க் குரலைக் கேட்டதும் நானும் தமிழிலேயே கூப்பிட்டேன். இங்கேயே குளிர வைக்க வேண்டும், ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் தொட்டியையும், அதில் கைகால் உதறிக்கொண்டிருந்த பெண்ணையும், அவளைப் பிடித்து அமுக்குகிற மாதிரி உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"நீங்க டாக்டரா?" என்றார்.

"இல்ல. பிசியோதெரபிஸ்ட்."

"அப்ப டாக்டர் எங்கே?"

"ஆம்புலன்ஸ்ல போயிருக்கார். சார், பத்து நிமிஷம் குடுங்க. குளிர வச்சிட்டு அப்புறம் கொண்டுபோலாம்."

"இவன் சாகறான், நான் பத்து நிமிஷம் பாத்துண்டு நிக்கணுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. தம்பியின் அக்குளில் கை கொடுத்தார். உடன் வேலை பார்த்தவர்கள் காலைப் பிடித்தார்கள். பிந்து குறுக்கே நின்றாள், அவளை நகர்த்திவிட்டுப் போனார்கள். நான் எழுந்து ஓடியிருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா என்று தெரியாது. எழுந்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். என் கைகள் மகேஸ்வரியின் அக்குளில் இருந்தன.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துப் பேனரை அறுத்துச் சுருட்டிக்கொண்டு அந்த இரண்டு பேரும் ஓடிவந்தார்கள்.

காரில் ஏ.சி. போட்டிருந்தார்கள். அது போதும் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் உள்ளே கொதிக்கிற உடம்புக்கு ஏ.சி. காற்று ஒன்றுமே இல்லை. பழவங்காடி வந்ததும் கார் நின்றுவிட்டது. ஓட்டத்துக்காகவே கயிறு கட்டிச் சாலையை அடைத்திருந்தார்கள். பின்தங்கி ஓடியவர்கள் அப்போதும் போய்க்கொண்டிருந்தார்கள். கணேசன் இறங்கிப் போலீஸ்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவர்கள் கயிற்றை அவிழ்த்து விட்டும் முன்னால் பஸ்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. திருப்பி, தம்பானூர் பக்கமாகச் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. அங்கே டாக்டர்கள் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மறுநாள் ஹரி போய்விட்டான்.

மகேஸ்வரி தொட்டியில் நடுங்கத் தொடங்கினாள். அந்த நடுக்கம் நல்ல அடையாளம். கண் என்மேல் வந்து நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக, "என் ஷூ எங்க சேச்சி? கடன் வாங்கின ஷூ" என்றாள். திரும்பிவந்த ஆம்புலன்ஸில் அவளை அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழையபடி ஓடவில்லை. கொஞ்சம் வெயில் பட்டாலும் தலை சுற்றுகிறது என்று ஒருமுறை போனில் சொன்னாள். அப்புறம் அவள் அம்மா ஓடவே விடவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் அறுக்கிற விஷயம் ஒன்று. அண்ணனும் காரும் இருந்தவன் செத்தான். நாதியில்லாமல் வந்தவள் பிழைத்தாள். அன்பில்லாமலா கணேசன் தூக்கிக்கொண்டு ஓடினார்? அத்தனை அன்பு இருந்ததால்தான் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. ஆகவே சொல்கிறேன்: விழுந்தவர்களைப் பார்க்க நீங்கள் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அவர்களோடு வந்தவர்களிடம் பேசவும் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்குமுன் மைக்கைக் கையில் வாங்குங்கள். யாராவது புத்தி தடுமாறி விழுந்தால் முதலில் இங்கேயே குளிர வைப்போம், அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். முன்னாலேயே கேட்டிருந்தால் அந்த நேரத்தில் கொஞ்சமாவது நம்புவார்கள். டாக்டரா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இந்த மைதானத்தில் இதற்குப் பொறுப்பு நான் என்று அதே மூச்சில் சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அனுதாபக் கூட்டம் நடந்தது. பையனுக்கு முன்னமே இதயத்தில் கோளாறு இருந்திருக்கும் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்படி எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று நான் செயலாளரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அந்தக் கிளப் என்னைக் கூப்பிடவில்லை.

மழைக்காலம் பிறந்து ஒருநாள் கணேசன் என் கிளினிக்குக்கு வந்தார். கழுத்து வலிக்கிறது என்றார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தைத் திருப்பி, தோளை அமுக்கிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லணும். அன்னிக்கு அவன உங்ககிட்ட விட்டிருந்தா பொழைச்சிருப்பானோ?"

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரும். இதற்கு மூன்று பதில் உண்டு. யார் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று சொல்லலாம். உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று நழுவலாம். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லலாம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அவருக்குக் கேட்க யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"பொழைச்சிருக்க வாய்ப்பு இருந்தது. நல்ல வாய்ப்புதான்" என்றேன். பிறகு, "ஆனா விவரம் தெரியாதவங்க யாரா இருந்தாலும் தூக்கிட்டுத்தான் ஓடியிருப்பாங்க. என் தம்பியா இருந்து, எனக்கு இந்த வேலை தெரியாம இருந்திருந்தா, நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அவர் அழவில்லை.

"ரெண்டாவது சொன்னேளே, அத எல்லாரும் சொல்லியாச்சு" என்றார். "மொதல்ல சொன்னத நீங்க ஒருத்தர்தான் சொன்னேள்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அம்மா மட்டும் எப்போதாவது வந்து கேட்டால் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நல்லபடியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதிகூட இருந்தது.

அடுத்த சில நாட்களில் அவருடைய அம்மா வந்தார். பழவங்காடியில் கணபதியைத் தொழுதுவிட்டு நேரே வந்திருக்கிறார், நெற்றியில் சந்தனம் ஈரமாக இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். வலி எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்திருப்பானா என்று அவர் கேட்கப்போகிறார், என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பெரியவன் ஒருநாள் இங்கே வருவன்" என்றார். "வந்து உங்ககிட்ட கேப்பன். அவன் ராத்திரி தூங்கறதில்லே, எனக்குத் தெரியும். கார எடுக்கறதே இல்லே."

கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே மேலே சொன்னார்.

"ஹரிக்கு ரெண்டு நாளா காய்ச்சல். போகாண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். கம்பெனில பேர் குடுத்தாச்சும்மான்னான். சரின்னு மாத்திரையக் குடுத்து நான்தான் அனுப்பினேன். பெரியவனுக்கு இது தெரியாது."

காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிற உடம்போடு வெயிலில் ஓடவே கூடாது. ஓட வருகிறவர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அன்றைக்கு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் இதை நான் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

"அவன் வந்தா சொல்லுங்கோ. காய்ச்சலோட ஓட விட்டது அம்மா, அதனாலதான் போனான், ஐஸ்ல வெச்சிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காதுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டன். நீங்க சொன்னா நம்புவன்."

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இனி அவன் ஒருத்தன்தானே இருக்கான்."

கணேசன் ஏற்கெனவே வந்துபோய்விட்டார் மாமி, பிழைத்திருக்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "சரி மாமி, சொல்றேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் கூட நின்று, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். கரமனைக்கு என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "மறந்துடாதேங்கோ" என்றார்.